ஞாயிற்றுக்கிழமை வாக்கியங்கள்

அன்புள்ள மகனுக்கு,

நம் வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியை, யாராவது ஒருவர் விழித்திருக்கும் நேரமெல்லாம் ஓடவிடுவது என்ற நீண்டகால நடைமுறை கைவிடப்படுவதாக, கடந்த செவ்வாய்க்கிழமை மாலை, வீட்டு உறுப்பினர்கள் நால்வரும் கூடியிருந்த அவையில் தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. ஆதரவு ஒன்று. எதிர்ப்பு இரண்டு. உன் அப்பா வாக்களிக்கவில்லை. அப்படியானால் தீர்மானம் எப்படி நிறைவேறியது என்று நீ கேட்கக்கூடும். ரிமோட் என் கையில் இருந்தது.

நலம் விசாரிக்காமல் தீர்மானத்தில் ஆரம்பித்துவிட்டேன். வேலையில் இருந்த காலமெல்லாம் மற்றவர்கள் கூட்டத்தில் பேசியதைக் குறிப்பெடுத்துச் சுத்தப் பிரதி போட்டவளுக்குக் கடிதமும் அப்படித்தான் வருகிறது. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் அவரவர் அளவில் நலம். ஃபோன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைக்காதே. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போது ஸ்பீக்கர் போட்டிருக்கிறது, நான் ஒரு வரி சொல்வதற்குள் உன் சித்தப்பா அதற்குப் பொழிப்புரை சொல்லிவிடுகிறார், உன் அத்தை அதற்கு மறுப்புரை சொல்லிவிடுகிறார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. எனக்கு இந்த வயதில் கிடைத்த ஒரே தனியறை இதுதான்.

தீர்மானத்தை எதிர்த்து இருவரும் பேசியதைப் பதிவு செய்வது என் கடமை. அத்தை, "சீரியல்ல அந்த மருமக பெட்டியைக் கட்டிட்டு வாசல்ல நிக்கறா. போனாளா, திரும்பி உள்ள வந்தாளான்னு எனக்கு யார் சொல்லுவா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி என்று குறித்துக்கொண்டேன். சித்தப்பா கொள்கை அடிப்படையில் எதிர்த்தார். "சத்தம் இருந்தாத்தான் அண்ணி மூளை முழிப்பா இருக்கும். கீழ நம்ம சென்டரைப் பாருங்க, அத்தனை பேரும் ஒரே நேரத்துல கத்திப் படிக்கறான். ஒருத்தன் ஃபெயிலாகியிருக்கானா?" இல்லைதான். கீழே இருக்கும் டியூஷன் சென்டரை அண்ணனும் தம்பியுமாக ஆரம்பித்த நாளிலிருந்து ஒருவரும் தோற்றதில்லை என்று வாசல் பலகையிலேயே எழுதியிருக்கிறது. தோற்கக்கூடியவர்களை நடுவிலேயே வேறு சென்டருக்கு அனுப்பிவிடுவார்கள் என்பது பலகையில் இடம் போதாததால் எழுதப்படவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் இருந்தபோது பெரிய டாக்டர் சொன்னது உனக்கு நினைவிருக்கும். மூளையில் பேச்சுக்கான பகுதியில் அடி, வலது கை மெல்ல வரும், பேச்சு எவ்வளவு வரும் என்று சொல்ல முடியாது. கை கொஞ்சம் வந்திருக்கிறது. கால் தடியோடு சமாதானமாகிவிட்டது. பேச்சுதான் ஒரு நாள் வருகிறது, ஒரு நாள் வருவதில்லை. தண்ணீர் வேண்டும் என்று சொல்லப் போய் 'தபால்' என்பார். அது தப்பு என்று அவருக்கே தெரியும். கையை ஆட்டி அதை அழிப்பார், கரும்பலகையில் அழிப்பது போல. மறுபடி முயல்வதற்குள் நாங்கள் மூன்று பேரும், தண்ணியா, மாத்திரையா, பாத்ரூமா, ஃபேனா என்று கேள்விகளை அடுக்கிவிடுவோம். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். அடம் என்பார் அத்தை.

அடம் இல்லை என்று இப்போது தெரிகிறது. அதே ஆஸ்பத்திரியின் மேல்மாடியில், மூளையில் அடிபட்டவர்களுக்குக் கவனமும் பேச்சும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்று ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் இருக்கிறார். பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக நம்மைப் பார்ப்பார், உன்னைவிட இளையவர். அவருடைய அறையில் ஒரு மேஜை, நாற்காலிகள், வெள்ளை பூசிய ஜன்னல். சுவரில் கடிகாரம் இருந்த ஆணி மட்டும் இருக்கிறது. டிக்டிக் சத்தம் ஆகாது என்று கடிகாரத்தைக் கழற்றிவிட்டாராம். அந்த ஆணியைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது.

அப்பாவுக்குப் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினார். குடை, சாவி, ஒட்டகம் என்று அப்பா மெதுவாக, முக்கால்வாசிக்கு மேல் சரியாகவே சொன்னார். நான் நாற்காலியிலேயே நிமிர்ந்துவிட்டேன். பிறகு அதே படங்கள், ஆனால் நடுநடுவே ஒரு சின்ன மணி கேட்கும், கேட்டதும் இடது கையால் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். வேறு மாற்றமில்லை. அவ்வளவுதான், அப்பாவிடமிருந்து ஒட்டகமும் போயிற்று, குடையும் போயிற்று. சாவிப் படத்தைப் பார்த்துக்கொண்டு நெற்றியில் வியர்வையோடு உட்கார்ந்திருந்தார்.

அந்தப் பெண் அப்பாவைப் பார்த்துத்தான் பேசினார், என்னைப் பார்த்து இல்லை. இதுவும் புதிது. "சொல்லெல்லாம் உள்ள பத்திரமா இருக்குங்க சார். அதை எடுத்துட்டு வரக் கவனம் வேணும். அது இப்ப உங்ககிட்ட கொஞ்சமா இருக்கு. ஒரு கையில ஒரு பக்கெட் தூக்கலாம். ரெண்டாவது பக்கெட்டையும் அதே கையில மாட்டினா ரெண்டும் கொட்டிடும்" என்றார். அப்பா தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் நான் கூடத்தைப் பார்த்தேன். தொலைக்காட்சி, மேலே ஃபேன், கீழே வாய்ப்பாடு, அத்தை, சித்தப்பா, நான். எத்தனை பக்கெட் என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் ரிமோட்டைக் கையில் எடுத்தேன்.

அவருடைய ஆராய்ச்சியில் ஒரு பயிற்சியும் இருக்கிறது. முதலில் கவனத்தைப் பழக்கி, பிறகு பேச்சைப் பழக்குவது. பயன் தருமா என்று பார்ப்பதற்குத்தான் ஆராய்ச்சியே, தரும் என்று சத்தியம் செய்ய மாட்டேன் என்றார். சத்தியம் செய்யாததாலேயே எனக்கு நம்பிக்கை. இடம் குறைவு. அமைதியில் ஓரளவு சொல்லி, மணி அடித்தால் தடுமாறுகிறவர்களுக்குத்தான் அந்தப் பயிற்சி பொருந்தும். அதை உறுதி செய்துகொள்ள அடுத்த மாதம் இன்னொரு தடவை அதே சோதனை. தடுமாறினால் இடம். நம் குடும்ப வரலாற்றில் தோற்றால்தான் சீட் என்கிற தேர்வு இதுவே முதல். இதை நான் சித்தப்பாவிடம் விளக்கமாகச் சொன்னேன். அவர் 'செலக்‌ஷன் டெஸ்ட்' என்ற இடம் வரைக்கும் கேட்டார்.

கடைசியாக ஒன்று. சில வாரங்களாக ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா உன்னிடம் முழு வாக்கியமாகப் பேசுவது எனக்கு ஆச்சரியம்தான். "அவசரப்பட்டு வர வேணாம்" என்று அவ்வளவு தெளிவாகச் சொன்னதும், நீ நிம்மதியாகி லீவைத் தள்ளிப்போட்டதும் சரிதான். எனக்கு இன்னும் ஒரு முழு வாக்கியம்கூடக் கிடைக்கவில்லை. பொறாமை என்று நினைக்காதே, பதிவுக்காகச் சொல்கிறேன். நீ வரவில்லை என்று ஆனதும் சித்தப்பா உன் அறையைக் காலியிடமாக அறிவித்து, கட்டில் நிறைய மாதிரி வினாத்தாள் கட்டுகளை அடுக்கிவிட்டார். மேல் கட்டு ஃபேனைத் தொடுகிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா

*

அன்புள்ள மகனுக்கு,

உன் குறுஞ்செய்தி பார்த்தேன். அப்பாதான் ஃபோனில் நன்றாகப் பேசுகிறாரே, எதற்கு ஆராய்ச்சி, சோதனை என்று அவரை அலைக்கழிக்க வேண்டும் என்று கேட்டிருந்தாய். அதற்கான பதில் இந்தக் கடிதத்தின் கடைசியில் வருகிறது. நேராக அங்கே போய்விடாதே, வரிசையாகப் படி. இந்தக் குடும்பத்தில் யாராவது ஒருவராவது ஒரு விஷயத்தை முதலிலிருந்து முடிவு வரை கவனிக்க வேண்டும்.

சோதனை நேற்று நடந்தது. அதற்கு முன் சில நாட்களாகச் சித்தப்பா மதியத்தில் அப்பாவைக் கைப்பிடித்துக் கீழே அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். "சும்மா காத்து வாங்கட்டும் அண்ணி. மேலயே எவ்வளவு நேரம்தான் அடைஞ்சு கிடப்பார்?" என்றார். கீழே சென்டரில் காற்று எந்தப் பக்கமாக வரும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அங்கே ஜன்னலை மறைத்து அலமாரி வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு மணி நேரம் எனக்கும் ஒரு புத்தகத்தோடு உட்காரக் கிடைத்தது, நான் யோசிக்கவில்லை.

புறப்படும்போது பார்த்தால் அப்பா சட்டைப்பையில் ஒரு புதுப் பேனா. எழுத வேண்டிய சோதனை எதுவும் இல்லையே என்றேன். "இருக்கட்டும் அண்ணி, ஒரு தைரியம்" என்றார் சித்தப்பா. அவரும் ரிசல்ட் அன்றைக்கு மட்டும் போடுகிற சட்டையில் இருந்தார். தொலைக்காட்சி இல்லாததால் பொழுது போகவில்லை என்று அத்தையும் கிளம்பிவிட்டார். வாடகைக் காரில் நாங்கள் போன விதத்தைப் பார்த்தால், யாரையோ பட்டம் வாங்க அழைத்துப் போவதாகத் தெருவில் நினைத்திருப்பார்கள்.

அறைக்குள் நான் மட்டும் பின்னால் உட்கார அனுமதி. அந்தப் பெண் படங்களைக் கலைத்து அடுக்கி, முதல் படத்தைத் திருப்பினார். படகு. அப்பா, "குடை" என்றார். அவர் அதைக் குறித்துக்கொண்டு அடுத்ததைத் திருப்புவதற்குள் அப்பா, "சாவி" என்றார். திருப்பியது கத்தரிக்கோல். அப்பா, "ஒட்டகம்" என்றார். மணி அடித்தது, அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொத்தான் பக்கம் கை போகவே இல்லை. தடங்கல் இல்லை, வியர்வை இல்லை. மேஜைமேல் கண் இல்லாமல், சுவரில் அந்த ஆணியைப் பார்த்தபடி, கணீரென்று, ஒன்றன்பின் ஒன்றாக முழுப் பட்டியலையும் சொல்லி முடித்தார். நடுவில் ஏணி மட்டும் தற்செயலாகத் தன் இடத்திலேயே வந்திருந்தது. அதற்கு ஒரு மதிப்பெண்.

அந்தப் பெண் படங்களை அடுக்கி வைத்தார். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். நன்றாக எழுதிவிட்டு வெளியே வருகிற பையனின் முகம். பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன நடந்தது என்று எனக்குப் புரிவதற்கு முன்பே அவருக்குப் புரிந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து அந்தப் பேனாவை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

வெளியே வந்து, வீட்டில் யாராவது இந்தப் படங்களைச் சொல்லிக்கொடுத்தீர்களா என்று அந்தப் பெண் கேட்டதும், பெஞ்சிலிருந்து சித்தப்பா எழுந்து நின்றார். பரிசு வாங்கக் கூப்பிட்டால் எழுந்து நிற்பது போல. முந்தைய சோதனைக்கும் இதற்கும் நடுவில் ஒரு நாள், அதே வரிசையில் படங்களைக் காட்டிப் பார்த்தபோது, எனக்குப் பதில் அவர்தான் அப்பாவோடு வந்திருந்தார். பின்னால் உட்கார்ந்து பட்டியல் முழுவதையும் வரிசை பிசகாமல் மனதில் வாங்கிவிட்டார். வருடா வருடம் தேர்வு முடிந்து வெளியே வரும் பிள்ளைகளை வழிமறித்து முழு வினாத்தாளையும் வாய்வழியாகவே வாங்குகிறவருக்கு இது ஒரு வேலையா? கரும்பலகையில் படம் போட்டே பழக்கினாராம். "ஒட்டகம்தான் எனக்கு சரியா வரலை மேடம், சோபா மாதிரி வந்துச்சு. ஆனா அண்ணன் கரெக்டாச் சொல்லிட்டார். இன்னும் ஒரு வாரம் கிடைச்சிருந்தா மணியையும் சேர்த்துப் பழக்கியிருப்பேன்" என்றார்.

அந்தப் பெண்ணுக்குக் கோபம் வந்திருக்கலாம். வந்ததாகத் தெரியவில்லை. "சார், நீங்க ரொம்ப நல்லாச் சொல்லிக்கொடுத்திருக்கீங்க. அதுதான் பிரச்சினை" என்றார். பிறகு எல்லோருக்குமாக விளக்கினார். வாய்ப்பாடு, கிழமைகள், ஒன்று இரண்டு மூன்று எல்லாம் வரிசையாகப் பழகிய பாட்டு மாதிரி வேறு வழியாக வருமாம். பேச்சே நின்றுபோனவர்களுக்குக்கூட அது வரும். அதற்குக் கவனம் தேவையில்லை, அதனால் மணி அடித்தாலும் கெடாது. கேட்பவருக்குப் பேச்சு போலவே இருக்கும். ஆனால் தனக்கு என்ன வேண்டும் என்று ஒருவர் சொல்வது வேறு. "மனப்பாடம் வந்தா பேச்சு வந்துடுச்சுன்னு ஆகாதுங்க" என்றார். சித்தப்பா, தன் வாழ்நாள் தொழிலைப் பற்றி ஒரு வரியில் தீர்ப்பு சொல்லப்பட்டது தெரியாமல், ஆமாம் என்று தலையாட்டினார். அப்புறம் தெரிந்தது. உட்கார்ந்துவிட்டார்.

இந்தப் படங்களை அப்பா இப்போது மனப்பாடமாக அறிந்தவர் என்பதால் அவரை வைத்து எதையும் அளக்க முடியாது. ஆகவே இந்தத் தடவை பயிற்சியில் அவருக்கு இடமில்லை. இடம், எங்களுக்கு அடுத்து உட்கார்ந்திருந்த ஒரு பஸ் டிரைவருக்குப் போயிற்று. நல்ல மனிதர். மணி அடிக்க அடிக்க ஒரு படம்கூடச் சொல்லவில்லை என்று அவர் மனைவி அழுதுகொண்டே வெளியே வந்தார். இடம் கிடைத்துவிட்டது என்று அவருக்குப் புரியவைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அத்தைதான் புரியவைத்தார். புரியவைத்துவிட்டு எங்களிடம் வந்து, "பேசாம இவனையும் எதுவும் சொல்லிக்கொடுக்காம விட்டிருந்தா பாஸாகியிருப்பான்" என்றார்.

இனி உன் கேள்விக்கு. கிளம்பும்போது அந்தப் பெண், வீட்டில் அவராக எப்போதாவது முழு வாக்கியம் பேசுகிறாரா என்று கேட்டார். எனக்கு ஒரு தெம்பு வந்தது. ஏன் இல்லை, ஞாயிற்றுக்கிழமை தோறும் மகனிடம் ஃபோனில் மூன்று வாக்கியம் பேசுகிறார், வார்த்தை பிசகாமல் என்றேன். அந்தப் பெண் என்னை விட்டுவிட்டு என் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். சித்தப்பா மேலே ஓடாத ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

காரில் வரும்போது தானாகவே சொன்னார். அப்பா முன்னால் டிரைவர் பக்கத்தில் இருந்தார். "நான் கெடுதல் நினைக்கலை அண்ணி. அண்ணன் ஃபோன்ல பேசாம உக்காந்திருந்தா பையன் அங்க தனியா பயந்துக்குவான். அவன் நிம்மதியா வேலை பார்க்கட்டும்னுதான். முதல் கேள்விக்கு நல்லா இருக்கேன், ரெண்டாவதுக்கு சாப்பிடறேன், மூணாவதுக்கு அவசரப்பட்டு வர வேணாம். கஷ்டமே இல்லை. அவன் எப்பவும் அதே மூணு கேள்வியைத்தானே அதே வரிசையில கேக்கறான்?"

நான் யோசித்துப் பார்த்தேன். எப்படிப்பா இருக்கீங்க. மாத்திரை ஒழுங்காச் சாப்பிடறீங்களா. நான் வரணுமா. உண்மைதான், வினாத்தாள் ஒரு வாரம்கூட மாறவில்லை. உன்னைக் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ளாதே. தூரத்தில் இருப்பவர்கள் எல்லோரும் அந்த மூன்றைத்தான் கேட்பார்கள் போலிருக்கிறது.

முதல் இரண்டு பதிலைப் பற்றி எனக்குக் கவலையில்லை, அவை உண்மைதான். மூன்றாவது அப்பா சொல்ல நினைத்ததா, அவரைச் சொல்ல வைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றைக் குறிப்பில் ஏற்றுகிற வழக்கம் எனக்கில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டு எழுதுகிறேன். அதுவரை நீ எந்த முடிவும் எடுக்க வேண்டாம், லீவைப் பற்றி யாரிடமும் பேசவும் வேண்டாம்.

உன் அறையில் கட்டுகள் அப்படியே இருக்கின்றன. ஜன்னலைத் திறக்க முடியாததால் கொஞ்சம் பூஞ்சை வாசம்.

அன்புடன்,
அம்மா

*

அன்புள்ள மகனுக்கு,

கேட்டுவிட்டேன்.

அதற்கு ஏன் இவ்வளவு நாள் என்றால், கேட்கத் தோதான அமைதி இந்த வீட்டில் கிடைக்க வேண்டியிருந்தது. அதைத் தயார் செய்வது எளிதாக இல்லை. அந்தப் பெண் எனக்கு ஒரே ஒரு யோசனைதான் சொன்னார்: ஒருவர் மட்டும் கேட்க வேண்டும், ஒன்றை மட்டும் கேட்க வேண்டும், கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். "காத்திருக்கறதுன்னா நிஜமாவே காத்திருக்கறதுங்க. முகத்தைப் பார்த்துட்டு, எடுத்துக் கொடுக்காம" என்றார். அடுத்த குழுவுக்குப் புதுப் படங்கள் வருமாம், அப்போது அப்பாவை மறுபடி பார்ப்பதாகச் சொன்னார். சித்தப்பாவிடம், அன்றைக்கு நீங்கள் கீழே கேன்டீனில் உட்கார்ந்துகொள்ளலாம் என்று மிக மரியாதையாகச் சொன்னார். சித்தப்பா அதை இன்றுவரை மறக்கவில்லை. சாப்பிடும்போது திடீரென்று, "கேன்டீன்ல என்னை உக்காரச் சொல்லிட்டா" என்பார். யாரிடம் என்றில்லை.

பாவம், அவருக்குத்தான் இது எங்கள் எல்லோரையும்விடக் கஷ்டம். ஒரு பிள்ளை பதில் தெரியாமல் நின்றால் முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தே பழகிய வாய். அப்பா 'த' என்று ஆரம்பிப்பதற்குள் இவருக்குத் 'தண்ணி' என்று வந்துவிடும். இப்போது கூடத்தில் உட்காரும்போது துண்டை வாயில் கடித்துக்கொள்கிறார். முதல் நாள் அத்தை அதைப் பார்த்துவிட்டு, "பல்வலியாடா?" என்று கேட்டார்.

அத்தை மாறியது எனக்கே அதிசயம். அந்த மருமகள் வாசலில் பெட்டியோடு நின்றவள் நின்றபடியே இருக்கிறாள், அவர் கேட்பதே இல்லை. ஏன் என்று நான் விசாரித்ததற்கு, "அவ நடிக்கறா. இவன் நிஜமா யோசிக்கறான். இதைப் பார்க்கறதுக்கு நல்லா இருக்கு" என்றார். தன் தம்பியான உன் அப்பா ஒரு சொல்லைத் தேடும்போது, சீரியலின் கடைசிக் காட்சிக்குக் காத்திருப்பது போலவே கையைக் கோத்துக்கொண்டு காத்திருக்கிறார். விளம்பர இடைவேளை இல்லை என்பதில்தான் கொஞ்சம் வருத்தம்.

நேற்று மாலை கீழே சென்டருக்கு விடுமுறை. ஃபேனை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். சமையலறையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நான் சொல்லாமலே அத்தை போய் அதை இறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார். சித்தப்பா துண்டைத் தயாராக வைத்திருந்தார். நான் அப்பாவுக்கு எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு, "நீங்க அவன்கிட்ட ஃபோன்ல அவசரப்பட்டு வர வேணாம்னு சொன்னீங்க. அது நீங்களா நினைச்சுச் சொன்னதா?" என்று கேட்டேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, நம் வீட்டிலும் அன்று கடிகாரத்தைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன். அப்பா முதலில் என்னைப் பார்த்தார். பிறகு ஃபோனைப் பார்த்தார். உதடு ஒரு சொல்லுக்குக் குவிந்து கலைந்தது. கையை ஆட்டி எதையோ அழித்தார். சித்தப்பாவின் தொண்டைக்குள் ஏதோ எழும்பியது, அத்தை அவர் தொடையில் கிள்ளிய கிள்ளில் அது அப்படியே அடங்கியது. தெருவில் ஒரு வண்டி போயிற்று. அது போய் முடியும்வரை அப்பா சொல்லை நிறுத்தி வைத்திருந்தார். அப்புறம், "நான்" என்றார்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். எழுந்திருக்கப் போனேன். அப்பா இடது கையால் என் முழங்கையைப் பிடித்து உட்கார வைத்தார். மறுபடியும் காத்திருந்தோம்.

"சொல்லல" என்றார்.

நான் வேறு எதுவும் கேட்கவில்லை. சரி என்றேன். ஒரு கையில் ஒரு பக்கெட் என்று அந்தப் பெண் சொன்னது நினைவிருந்தது, அது ததும்பாமல் இருக்கட்டும் என்று எல்லோரும் சும்மா இருந்தோம். அத்தை மட்டும் கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். சித்தப்பா துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கிப் போனார். கரும்பலகையை அழிக்கிற சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

ஆகவே முந்தைய நடவடிக்கைக் குறிப்புகளில் பின்வரும் திருத்தம் செய்யப்படுகிறது. 'அவசரப்பட்டு வர வேணாம்' என்ற வாக்கியம் உன் அப்பாவின் கூற்றாக உனக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது. அது அவர் கூற்று அல்ல. அது நீக்கப்படுகிறது. அந்த இடத்தில் வேறு எதையும் நான் எழுதவில்லை. அவர் சொல்லாததை நானும் சொல்லிக்கொடுப்பவளாக ஆகிவிடக் கூடாது.

உன் வேலை எனக்குத் தெரியாதது இல்லை. ஒரு தடவை தள்ளிப்போட்ட லீவை மறுபடி கேட்பது எப்படிப்பட்டது என்பதும் தெரியும். கேள் என்று நான் எழுதவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுவாய் அல்லவா, இனி மாலை ஐந்து மணிக்குக் கூப்பிடு. அந்த நேரத்தில் அத்தை நடக்கப் போய்விடுவார், சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போகச் சம்மதித்திருக்கிறார். ஸ்பீக்கர் இருக்காது. அந்த மூன்று கேள்விகளை விட்டுவிடு. வேறு ஒன்று கேள், ஒன்றே ஒன்று, உனக்கே பதில் தெரியாத ஒன்றாக இருக்கட்டும். கேட்டுவிட்டு இரு. ரொம்ப நேரம் சத்தம் வராது. லைன் போய்விட்டதோ என்று நினைத்து ஹலோ, ஹலோ என்று கூப்பிடாதே. அவர் மெல்ல எடுத்துக்கொண்டு வருவதை அந்த ஹலோதான் தட்டிவிடுகிறது. லைன் இருக்கும். அவர் தேடிக்கொண்டிருப்பார். நீ அந்தப் பக்கம் இருக்கிறாய் என்று அவருக்குத் தெரியும், அவர் இந்தப் பக்கம் இருக்கிறார் என்று நீ நினைத்துக்கொண்டால் போதும்.

வெளியே போகும்போது கழுத்தை மூடிக்கொள். நேரத்துக்குத் தூங்கு. நீயும் ஒரு நேரத்தில் ஒரு வேலையை மட்டும் பார்க்கிறவனாக, நல்ல உடம்போடும் நிறைந்த மனதோடும் நீடூழி இரு. அப்பாவின் ஆசீர்வாதமும் உண்டு. இதை அவரிடம் கேட்டுவிட்டே எழுதுகிறேன். தலையை ஆட்டினார்.

அன்புடன்,
அம்மா

பி.கு. உன் கட்டிலில் இருந்த வினாத்தாள் கட்டுகளைச் சித்தப்பா இன்று காலை கீழே சென்டருக்குக் கொண்டுபோய்விட்டார். ஜன்னல் திறந்திருக்கிறது.